சமூகப் பணி படிக்க விரும்பும் பிள்ளைக்கு

கண்டக்குழியிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் எம் கையில் இருக்கிறது. பள்ளிக் கொப்பியில் கிழித்த ஒற்றையில் இரு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறார். மூத்த மகள் க. பொ. த. உயர் தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்துவிட்டாள்; ஆனால் பல்கலைக்கழகம் புகுவதற்குப் புள்ளி போதவில்லை. பங்கிலே வின்சென்ட் டி போல் சபையாரோடு ஏழை வீடுகளுக்குப் போய் வந்து பழகிய பிள்ளை. "படித்தால் சமூகப் பணிதான் படிப்பேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாளாம். இதற்கிடையில் ஒருவர் வீடு தேடி வந்து, ஆறு மாதத்தில் முடியும் டிப்ளோமா ஒன்று உண்டு, அது 'சர்வதேச அங்கீகாரம்' பெற்றது, முடித்த கையோடு இத்தாலியிலோ இலண்டனிலோ சமூகப் பணியாளராகப் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்டணத்துக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா, வேண்டாமா என்பதே அந்தத் தாயின் கேள்வி.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. தகப்பனார் கடற்றொழில் செய்பவர். அவர் சொல்கிறாராம்: "சனத்துக்கு உதவி செய்யப் படிப்பு எதற்கு? மனம் இருந்தால் போதாதா?"

அடகுக் கடைக்குப் போகுமுன் இந்த இதழ் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே எழுதுகிறோம். ஆயினும் தகப்பனாரின் கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

மனம் மட்டும் போதுமா?

தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதை இக்கரை மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தொழிலுக்காகக் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து போகும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடுவில் அறுந்து போகிறது. வேறு சில வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ இருப்பார். பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் வளர்வார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று சில வாரங்களாகப் பள்ளிக்கூடம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

நல்ல மனம் படைத்த அயலவர் என்ன செய்வார்? அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பார். பிள்ளையை அருகில் இருத்தி, "என்ன நடந்தது? என்னிடம் சொல்லு. நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்பார். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் அந்த வாக்குறுதியை ஒருநாளும் கொடுக்கமாட்டார். பிள்ளை சொல்லப்போவது, வீட்டிலுள்ள ஒருவர் தன்னைத் துன்புறுத்துகிறார் என்பதாக இருந்தால், அதை உரியவரிடம் சொல்லியே ஆகவேண்டும். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பின் சொன்னால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. சொல்லாமல் விட்டாலோ துன்பம் தொடரும். ஆகவே பயிற்சி பெற்றவர், "உனக்கு உதவி செய்யக் கூடியவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டி வரலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

அதோடு முடியவில்லை. அயலவர் ஒரு தரம் கேட்பார். ஆசிரியை ஒரு தரம் கேட்பார். மாமி ஒரு தரம், பொலிசார் ஒரு தரம். ஒவ்வொரு தரமும் பிள்ளை அந்த வேதனையை மறுபடி அனுபவிக்கிறது. சொல்லும் விதமும் சற்றே மாறுகிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த மாற்றத்தையே பிடித்துக்கொள்வார். பிள்ளை ஒரு முறை சொல்வதை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்றுக்கொள்ள 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் வழி செய்தது இதற்காகவே. அரிசிப் பையோடு போகும் நல்லவருக்கு இச்சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கொண்டுபோன அரிசியும் அந்த வீட்டுக்குத் தேவைதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

உலகத்தில் இந்தத் தொழில் பிறந்ததும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழைகளின் வீடுகளைத் தரிசித்து உதவி வழங்கிய தர்ம சங்கத்தாரே, மனம் இருந்தும் கைபிசகுகிறது என்று கண்டு, பயிற்சி வேண்டும் என்று கேட்டனர். 1898இல் நியூயோர்க்கில் கோடைகால வகுப்பு ஒன்று தொடங்கிற்று. 1899இல் அம்ஸ்ரர்டாமில் இதற்கென ஒரு கல்லூரி எழுந்தது. வின்சென்ட் டி போல் சபையாரோடு வீடு வீடாகப் போய் வந்த பிள்ளை இப்போது படிக்க ஆசைப்படுகிறாள் என்றால், அவள் வழி தவறிப் போகவில்லை. அந்தச் சங்கத்தார் நடந்த வழியிலேயே நடக்கிறாள்.

எங்கே படிப்பது?

இந்தியாவில் இப்படிப்புக்கு முதலில் வித்திட்டது பம்பாயில் 1936இல் தொடங்கிய டாட்டா நிறுவனத்தின் கல்லூரி. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சமூகப் பணிக் கல்லூரி உருவாயிற்று. அதே 1952இல்தான் இலங்கையிலும் சமூகப் பணி நிறுவகம் ஒன்று ஆரம்பமாயிற்று. இந்தியாவிலிருந்து வந்த கலாநிதி டொரதி மோசஸ் அம்மையார் அதற்கு முன்னின்று உழைத்தார். அந்நிறுவகம் பின்னர் அரசாங்கத்தின் கீழ் வந்து, 1978இல் இரண்டு வருட டிப்ளோமாவைத் தொடங்கிற்று. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆனது. 2005இல் சமூகப்பணி இளமாணிப் பட்டமும், 2008இல் முதுமாணிப் பட்டமும் வந்தன.

இந்நிறுவகம் நீர்கொழும்பைத் தாண்டிக் கொழும்புக்குப் போகும் வழியில், சீதுவை லியனகேமுல்லையில் இருக்கிறது. சிலாபம் வீதியால் பஸ்ஸில் போகும் நம்மவர் பலர் அதைக் கவனியாமலே கடந்து போயிருப்பார்கள். இளமாணிப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. உயர் தரச் சித்தியோடு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும்போது தகைமைகளையும் மொழி மூலத்தையும் கவனித்து வாசிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாத பிள்ளைக்குப் பட்டம் பெற வேறு வழியே இல்லை என்று எண்ணியிருக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. நல்ல கல்லூரிகள் அங்கே பல இருக்கின்றன. ஆனால் திரும்பி வந்து அரசாங்க சேவைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தை நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன்னரே எழுத்தில் கேட்டு அறிய வேண்டும்.

சமூகப் பணிப் படிப்பில் புத்தகத்துக்குச் சமமான இடம் களப் பயிற்சிக்கு உண்டு. மாணவர் ஒரு மருத்துவமனையிலோ, சிறுவர் இல்லத்திலோ, பிரதேச செயலகத்திலோ அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்து, ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதி, அந்தக் குறிப்பை மேற்பார்வையாளருடன் இருந்து அலசிப் பார்க்க வேண்டும். கடலுக்குப் புதிதாக வரும் பையனைச் சுக்கான் பிடிக்க விட்டுவிட்டு அனுபவசாலி பக்கத்திலே நிற்பது போன்றது இது. இந்தக் களப் பயிற்சியைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது; பதிவுக்கு வரும்போது அதுவே கழுத்தைப் பிடிக்கும் காரியம்.

இங்கே வேலை கிடைக்குமா?

அரசாங்கத்தில் இத்துறை சார்ந்த பதவிகள் நாம் நினைப்பதை விட அதிகம். பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் இருப்பார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் உத்தியோகத்தர் உண்டு; 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு வரும் முறைப்பாடுகளின் பின்னால் அலைபவர்கள் இவர்களே. நன்னடத்தை உத்தியோகத்தர் பதவி, மாகாண சபைகள் வந்த பிறகு மாகாணத்தின் பொறுப்பாயிற்று. ஆகவே கண்டக்குழிப் பிள்ளை வடமேல் மாகாண அறிவித்தல்களையும் பார்க்க வேண்டும், மத்திய அரசின் வர்த்தமானியை மட்டும் பார்த்தால் போதாது. சிறைக்குப் பதிலாகச் சமுதாயத்தில் வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிடும் ஆட்களைக் கண்காணிக்கும் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களமும் இருக்கிறது. மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளர் தேவைப்படுகிறார்கள்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பதவிகளிற் பலவற்றுக்கு இதுவரை சமூகப் பணிப் பட்டம்தான் வேண்டும் என்று நிபந்தனை இருந்ததில்லை. எந்தப் பட்டமானாலும் போட்டிப் பரீட்சையில் தேறினால் நியமனம் கிடைத்தது. வரலாறு படித்தவரும் வர்த்தகம் படித்தவரும் ஒரே நாளில் சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஆனார்கள். அவர்களில் பலர் வேலையிலேயே கற்று மிகச் சிறந்த உத்தியோகத்தர் ஆனார்கள் என்பதும் உண்மை. ஆயினும் நான்கு ஆண்டுகள் இதற்கென்றே படித்த பிள்ளை, படிக்காதவரோடு ஒரே வரிசையில் நின்று பரீட்சை எழுத வேண்டியிருப்பது நியாயமாகப் படவில்லை.

இதற்குக் காரணம் என்ன? வைத்தியருக்கு மருத்துவப் பேரவை இருக்கிறது; அதில் பெயர் இல்லாதவர் வைத்தியம் செய்தால் குற்றம். வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பெயர் பதிய வேண்டும். சமூகப் பணிக்கோ 1952இல் கல்லூரி வந்தும், சட்டப்படியான பதிவேடு நெடுங்காலமாக வரவில்லை. தொழில்சார் சமூகப் பணியாளர் சங்கம் ஒன்று உண்டு. பேரவை அமைக்கச் சட்டம் வேண்டும் என்ற முயற்சியும் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. இப்போது படிக்கத் தொடங்கும் பிள்ளை பட்டம் பெறும் நாளில் இதில் மாற்றங்கள் இருக்கக்கூடும். எனவே இடைவிடாது விசாரித்துக்கொள்வது நல்லது.

அரசாங்கத்துக்கு வெளியே உள்ள வேலைகளைப் பற்றி இக்கரையார் அனுபவத்தாலேயே அறிவார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர் ஆயிரக்கணக்கில் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கியபோது தொண்டு நிறுவனங்கள் வந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாட்டைத் தாக்கியபின் இன்னும் அதிகமாக வந்தன. சில நாட் பயிற்சியோடு எத்தனையோ இளைஞர் 'சமூகப் பணியாளர்', 'உளவளத்துணையாளர்' என்ற பெயரோடு வேலைக்கு அமர்ந்தார்கள். திட்டம் முடிந்தது, வாகனம் போயிற்று, வேலையும் போயிற்று. கையில் எஞ்சியது ஒரு சான்றிதழ்க் கோவை மட்டுமே. 1968இல் தொடங்கிய செடெக் போலவும், மன்னாரில் வாழ்வுதயம், யாழ்ப்பாணத்தில் மனித முன்னேற்ற நடுநிலையம் போலவும் நிலைத்து நிற்கும் திருச்சபை நிறுவனங்கள் சிலவே. நிறுவன வேலையை இகழ்வது எம் நோக்கமன்று. பட்டம் உள்ளவருக்குத் திட்டம் முடிந்தாலும் பட்டம் எஞ்சும் என்பதையே சொல்கிறோம்.

இன்னுமொன்று. நம் கரையோரப் பிள்ளைகள் பலருக்குத் தமிழும் சிங்களமும் ஒன்றாகவே வாயில் வரும். சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி. இதை நாம் ஒரு தகைமையாக எண்ணுவதே இல்லை. 2007 ஜூலைக்குப் பின் அரசாங்க சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அழுதுகொண்டு வரும் ஒரு தாய்க்கு அவளுடைய மொழியிலேயே பதில் சொல்லக்கூடிய உத்தியோகத்தர் புத்தளம் மாவட்டத்தில் எவ்வளவு தேவை என்பது அலுவலக வாசலில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். பேச்சு மட்டும் போதாது. எழுதவும் வாசிக்கவும் பழகட்டும்.

பதிவு என்றால் என்ன?

பதிவு என்பது ஒரு பட்டியலில் பெயர் இருப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு இன்ன படிப்பு வேண்டும் என்று சட்டம் சொல்லும். ஏறியபின் பிழை செய்தால் விசாரித்துப் பெயரை நீக்கவும் அதிகாரம் இருக்கும். ஏழையின் வீட்டுக்குள் புகுந்து, பிள்ளையை யாரிடம் வளர விடுவது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவர் மீது அந்த ஏழை முறையிட ஓர் இடம் வேண்டும் அல்லவா? பதிவின் சாரம் அதுவே. உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் கௌரவம் இரண்டாம் பட்சம்.

இங்கிலாந்தின் கதை இதை நன்றாக விளக்கும். ஐவரி கோஸ்ற்றிலிருந்து உறவினருடன் இலண்டனுக்கு வந்த விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பெப்ரவரி 25இல் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் காணப்பட்டன. பொறுப்பாக இருந்த பெரிய மாமியும் அவருடைய துணைவரும் கொலைக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். மருத்துவமனை, பொலிஸ், சமூக சேவைப் பகுதி எல்லாம் அவளைக் கண்டிருந்தன, ஒருவரும் காப்பாற்றவில்லை. லாமிங் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளியாயிற்று. வழக்கைக் கையாண்ட இளம் சமூகப் பணியாளருக்குச் சிறுவரோடு வேலை செய்யக் கூடாதெனத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் 2005இல் தீர்ப்பாயம் அத்தடையை நீக்கிற்று. அளவுக்கு மிஞ்சிய வேலையைச் சுமத்தி, சரியான மேற்பார்வையும் கொடாமல் விட்ட மேலதிகாரிகளின் பிழையையும் விசாரணை வெளிக்கொணர்ந்தது. பதிவேடு ஒன்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதையும் சொல்கிறோம்.

அந்நாட்டில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2003இல் பதிவேடு திறக்கப்பட்டது. 2005 ஏப்பிரல் முதலாந் தேதியிலிருந்து, பதிவில்லாதவர் தம்மைச் 'சமூகப் பணியாளர்' என்று அழைத்துக்கொள்வதே குற்றமாயிற்று. 2019 டிசம்பர் முதல் 'சோஷல் வேர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பு இப்பதிவேட்டை நடத்துகிறது. ஒருமுறை பதிந்தால் முடிந்தது என்றும் இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அந்த ஆண்டில் என்ன புதிதாகக் கற்றோம் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

நம் உறவினர் வாழும் மற்ற நாடுகளிலும் விதிகள் இருக்கின்றன. கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு. நியூசிலாந்தில் 2003இல் வந்த சட்டம் 2021 பெப்ரவரியிலிருந்து எல்லாருக்கும் கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உத்தரவுப் பத்திரம் வேறு. அவுஸ்திரேலியாவில் நாடு முழுவதற்குமான சட்டப் பதிவு இல்லாதபோதிலும் அங்குள்ள சமூகப் பணியாளர் சங்கமே வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுகிறது. தென் அவுஸ்திரேலிய மாநிலம் 2021இல் சட்டம் இயற்றித் தனக்கென்று பதிவு முறையைத் தொடங்கிற்று. இந்தியாவில் எல்லாச் சமூகப் பணியாளருக்கும் பொதுவான பேரவை கிடையாது. ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளருக்கு முதுமாணிப் பட்டத்தோடு எம்.பில். பட்டமும் வேண்டும் என்று விதித்தது. 2021இல் வந்த சுகாதாரத் தொழிலாளர் சட்டம் மருத்துவச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது.

இத்தாலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வென்னப்புவை தொடங்கிக் கற்பிட்டி வரை இத்தாலியில் ஆள் இல்லாத குடும்பத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே சமூகப் பணியாளரை 'அசிஸ்தெந்தே சோச்சாலே' என்பார்கள். 1993ஆம் ஆண்டின் 84ஆம் இலக்கச் சட்டப்படி அது பதிவுத் தொழில். பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். அதற்கு மேல் அரசாங்கப் பரீட்சை. பிறகே 'அல்போ' என்னும் பதிவேட்டில் பெயர் ஏறும். வெளிநாட்டில் படித்தவரானால் நீதி அமைச்சு அப்படிப்பை ஏற்க வேண்டும். இத்தாலிய மொழியில் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் அளவுக்குத் தேர்ச்சி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. நம்மவர் பலர் அங்கே செய்வது 'படாந்தே' வேலை. வயோதிபரை வீட்டோடு இருந்து பராமரிப்பது. கண்ணியமான, கடினமான வேலை; இக்கரையில் எத்தனையோ கல்வீடுகள் அந்த உழைப்பில் எழுந்தவை. ஆனால் அது சமூகப் பணியாளர் உத்தியோகம் அன்று. வீட்டுக்கு வந்த அந்த மனிதர் இரண்டையும் தெரியாமல் குழப்பினாரா, தெரிந்தே குழப்பினாரா என்பது எமக்கு விளங்கவில்லை. இங்கிலாந்திலும் இதே குழப்பம் உண்டு. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அந்நாடு 2025 ஜூலை 22இலிருந்து நிறுத்திவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

ஆறு மாதக் கணக்கு

இனிக் களப் பயிற்சிக்கு வருவோம். பதிவுச் சபைகள் பட்டத்தின் பெயரைப் பார்த்து மட்டும் திருப்தியடைவதில்லை. களத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில் என்று கேட்கின்றன. இங்கிலாந்தில் பட்டப் படிப்பினுள் 200 நாட்கள். அதில் 30 நாட்கள் வரை திறன் பயிற்சியாக இருக்கலாம். கனடாவில் இளமாணிக்கு 700 மணி நேரம். அவுஸ்திரேலியாவில் 1,000 மணி நேரம். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரத்தில் ஐந்து நாளும் வகுப்பே இல்லாமல் களத்திலேயே நின்றாலும் 130 நாட்கள்தான் வரும். ஆறு மாத டிப்ளோமாவோடு இங்கிலாந்தில் பதிவு என்பது இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. பட்டம் வேண்டும் என்ற முதல் நிபந்தனையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவருக்குக் கூட வெளிநாட்டுக் கதவு தானாகத் திறந்துவிடாது. ஒவ்வொரு சபையும் தனித்தனியே பரிசீலிக்கும். மொழித் தேர்வும் கேட்கும். படிக்கும் காலத்திலேயே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு களப் பயிற்சி முடிவிலும் இடம், தேதிகள், மணி நேரம், மேற்பார்வையாளரின் பெயர், அவருடைய படிப்பு ஆகியவற்றைக் கடிதத் தாளில் எழுதிக் கையொப்பமும் முத்திரையும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த மேற்பார்வையாளரைத் தேடிப் போனால் அவர் இளைப்பாறியிருப்பார்; அலுவலகமும் இடம் மாறியிருக்கும். பாடத்திட்ட விபரத்தையும் கல்லூரியிலிருந்து அந்த ஆண்டே பெற்று வைக்கட்டும்.

பெயர் விஷயமும் இங்கே தொல்லை தருவது. பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு விதம், ஞானஸ்நானப் பத்திரத்தில் தமிழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் மூன்றாம் விதம் என்று நம் கரையோரப் பிள்ளைகளின் பெயர் இருக்கும். ஒரே 'பெர்னாண்டோ'வை மூன்று விதமாக எழுதிய குடும்பங்களை நாம் அறிவோம். பட்டச் சான்றிதழில் எழுத்து ஏறுமுன் இவற்றை ஒன்றாக்கிவிட வேண்டும். பின்னர் திருத்துவது பெரும்பாடு.

தாய்க்குச் சொல்லக்கூடியது இதுதான். தாலிக்கொடி பெட்டியிலேயே இருக்கட்டும். ஆறு மாதப் படிப்பு எதுவுமே பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. அறிமுகமாகப் படிக்கலாம், மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்தால், பெரிய படிப்புக்கு விண்ணப்பம் கோரும் வரை அது நல்ல பொழுதுபோக்கும் கூட. பதிவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நகையை வைக்கலாகாது. மகள் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்துக்கு ஒருமுறை நேரிலே போய் வரட்டும். தகப்பனாரும் கூடப் போனால் நல்லது. கடல் குழம்பிய நாளாகப் பார்த்துப் போகலாம். அதுவரை சிங்களமும் ஆங்கிலமும் எழுதிப் பழகட்டும். வீடுகளுக்குப் போய் வரும் சேவையையும் விட்டுவிட வேண்டாம்.

அந்த மனிதர் மறுபடி வருவார். வந்தால், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1989 என்ற இலக்கத்தில் பணியகத்தையே விசாரிக்கலாம். பிறகு இன்னொரு கேள்வி. இங்கிலாந்தின் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். பெயரைக் கொடுத்தால் பதிவு இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும். இந்த ஆறு மாதப் படிப்பை மட்டும் முடித்து அங்கே பதிவு பெற்ற ஒரே ஒருவருடைய பெயரை அவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். மகளே கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிடுவாள்.